பிறர் வாசிக்க எழுதியவள்

பூனாவின் கேம்ப் பகுதியில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலில் ஒரு காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இறந்தார்கள். அடக்க ஆராதனையில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது அங்கே வழக்கம். சபைச் செயலர் தேவநேசன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். இன்னார் இன்ன ஊரில் பக்தியுள்ள பெற்றோருக்கு மகனாகப் பிறந்து என்று ஆரம்பிப்பார். பிறந்த ஊர் மாறும், தேதி மாறும். மற்றபடி செத்தவர் எவராக இருந்தாலும் அன்பான கணவர், பொறுப்புள்ள தகப்பன், ஏழைகளுக்கு இரங்கும் உள்ளம் படைத்தவர். பெண்ணாக இருந்தால் அன்பான மனைவி, பொறுப்புள்ள தாய். அந்தத் தாளை முதலில் எழுதியது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. தேவநேசன் அதைத் தட்டச்சு செய்து, பெயர் வரும் இடங்களில் மட்டும் புள்ளி விட்டு வைத்திருந்தார். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கக் கூடாது என்பது அவருடைய நல்லெண்ணம்.

எழுபத்து நான்கில் மோசஸ் இறந்தபோதும் அந்தத் தாள்தான் வந்தது. மோசஸ் பக்கத்துக் கிர்க்கியில் வேலை பார்த்தவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். அன்றைக்கு மழை வேறு. சவப்பெட்டி வர நேரமாகி, அவசர அவசரமாக ஆராதனை ஆரம்பித்தது. தேவநேசன் புள்ளி வைத்த இடங்களில் மோசஸின் பெயரைச் சேர்த்துக்கொண்டே வாசித்தவர், "அன்பான கணவராகவும் பொறுப்புள்ள தகப்பனாகவும் விளங்கி" என்ற இடத்தையும் அதே வேகத்தில் கடந்தார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு குரல், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டது: "மோசஸுக்கு எப்பம்டி கல்யாணம் ஆச்சு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எட்மண்டை எழுப்பிவிட்டது. நடு வரிசையில் அவர் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. இது மோசஸ் இல்ல."

தேவநேசன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அவனுக்குப் பொண்டாட்டியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. அவன் யாருன்னு தெரியலன்னா பேசாம இருங்க. எதுக்கு இன்னொருத்தனைப் புதைக்கிறீங்க?"

நடைபாதைக்கு மறுபுறம், பெண்கள் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மில்ட்ரெட், கையை நீட்டிக் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், மழையில் சவவண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எட்மண்ட் ராணுவக் குடியிருப்புகளில் எலக்ட்ரீஷியன். மோசஸும் அவரும் சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஆஸ்பத்திரியில் மோசஸ் படுத்திருந்த நாட்களில் தினமும் போய்ச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியவர் அவர். அதையெல்லாம் சபைக் கமிட்டி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆராதனையில் எழுந்து பேசியது ஒழுங்கீனம், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. "முதல்ல மோசஸ்கிட்ட நீங்க கேளுங்க, அப்புறம் நான் கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எட்மண்ட் அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தேவநேசனோடு பேச்சும் நின்றுபோயிற்று.

மில்ட்ரெட் நிறுத்தவில்லை. மகள் மேவிஸைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் போனாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தேவநேசன் வாசலில் மறித்தார்.

"ஏம்மா மில்ட்ரெட், உங்க வீட்டுக்காரவுகளுக்கு நம்ம குறிப்பு புடிக்கலல்லா? நீதான் பெரிய கம்பெனியில இங்கிலீஷ்ல லெட்டர் அடிக்கிறவளாச்சே. இனிமே நீயே எழுதித் தா. நான் வாசிக்கேன்."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குத்திக் காட்டத்தான் கேட்டார் என்று மில்ட்ரெடுக்கும் தெரியும். என்ன தோன்றியதோ, "சரி அண்ணாச்சி, எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எப்படி எழுதுவது என்று யோசித்தாள்.

பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலை அலுவலகத்தில் அவள் ஸ்டெனோ. மேலதிகாரி சொல்லச் சொல்ல எழுதி, அடித்து, கையெழுத்துக்கு வைப்பது வேலை. தமிழ் அவள் பள்ளியில் படித்ததில்லை. அம்மா வேதாகமத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்த தமிழ். அதைக் கொண்டு அவள் எழுதிய முதல் குறிப்பு, நாட்டியம் ஆடப்போகும் பெண்ணைப் போல நகைநட்டோடு வந்தது. தியாகச் சுடர், பாசத்தின் உறைவிடம், பண்பின் சிகரம். எழுதி முடித்ததும் எட்மண்டுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மில்லி."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

"யாரைப் பத்தினு தெரியல. பேரைச் சொல்லாம வாசி, பாப்போம். நான் கண்டுபிடிச்சா நல்ல குறிப்பு."

பெயரைச் சொல்லாமல் வாசித்தாள். எட்மண்ட் யோசிப்பதுபோலத் தாடையைத் தடவிவிட்டு, "காந்தியா?" என்றார்.

அவள் தாளை அவர் மேல் வீசினாள். ஆனால் அவர் சொன்னதில் இருந்த நியாயம் அவளை விடவில்லை. தேவநேசனின் தாளில் புள்ளிகள் இருந்தன, தன் தாளில் பூக்கள் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவளுக்கே பட்டது. எப்படி மாற்றுவது என்பது மட்டும் தெரியவில்லை.

தெரியவைத்தது தொழிற்சாலைதான். கடிதங்கள் எழுதும் அலுவலர்களுக்கு எழுத்துப் பயிற்சி என்று கேம்பில், மெயின் ஸ்ட்ரீட்டில், ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று நடந்தது. பணியாளர் பிரிவு அதிகாரி சிலருடைய பெயரை அனுப்பினார். மில்ட்ரெட் பெயரும் அதில் இருந்தது. அந்த அதிகாரி எதற்காகத் தன் பெயரை எழுதினாரோ, அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று அவள் பின்னாளில் அடிக்கடி சொல்வாள்.

வகுப்பெடுத்தவர் பத்ரிநாத் என்ற தமிழர். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சட்டைக் கையில் எப்போதும் சாக்குக்கட்டித் தூள். கீழே தட்டச்சு இயந்திரங்கள் சடசடவென்று அடிக்க, அதற்கு மேல் குரலை உயர்த்தி ஆங்கிலத்தில் கத்திக் கத்திப் பேசுவார். முதல் நாளே எல்லோரையும் வெளியூர் போவதற்கான விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னார். மானேஜருக்கு ஒன்று, அதே சேதியை அம்மாவுக்கு ஒன்று, அதையே வீட்டில் தனியாக இருக்கப் போகும் குழந்தைக்கு ஒன்று. சேதி ஒன்றுதான், எழுதி முடித்தபோது மூன்றும் மூன்று ஜாடையில் இருந்தன. பேச்சுக்கலையின் முதல் படி இதுதான் என்றார் அவர். அழகான வார்த்தை தேடுவதற்கு முன்னால், எதிரே உட்கார்ந்திருப்பது யார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எழுந்து போகும்போது அவர் கையில் எது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

வகுப்பு கலைந்த பிறகு மில்ட்ரெட் மேஜையருகே போய்த் தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டாள். "சார், இதெல்லாம் செத்தவங்களைப் பத்தி எழுதறதுக்கும் பொருந்துமா?"

பத்ரிநாத் சாக்குக்கட்டியைக் கீழே போட்டுவிட்டார். "என்ன மேடம், பயமுறுத்தறேள்? யார் போயிட்டா?"

அவள் கோயில் வழக்கத்தைச் சொன்னாள். மோசஸின் கதையையும் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "உங்க ஆத்துக்காரர் கேட்டாரே, அதுதான் நான் வருஷம் பூரா கத்தப்போற பாடம். நல்லவர்னு நீங்க சொன்னா அது உங்க தீர்ப்பு. கேக்கறவாளுக்குத் தீர்ப்பு வேண்டாம், சாட்சியம் வேணும். நல்லவர்னு சொல்லாமலே அவா அப்படி நினைக்கணும். போய் அந்த வீட்டில விசாரியுங்கோ" என்றார்.

"என்னன்னு விசாரிக்க?"

"எப்படி இருந்தார்னு கேட்டேள்னா தங்கமான மனுஷர்னுதான் சொல்லுவா. வேற மாதிரி கேளுங்கோ."

அந்த வருஷமே, ராணுவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஜோசபின் அம்மா இறந்தார். மில்ட்ரெட் துக்க வீட்டுக்குப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "அம்மா எதுக்கு ரொம்பத் திட்டுவாங்க?" என்று கேட்டாள்.

"செத்து ஒருநாள் ஆகல, திட்டுனதைக் கேக்க வந்துட்டியா அக்கா?" என்று அந்தப் பெண் சீறினாள். மில்ட்ரெட் கூனிக் குறுகிப் போனாள். எழுந்துவிடலாமா என்று நினைக்கும்போது அந்தப் பெண்ணே மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "லைட்டை அணைக்காம வெளிய வந்தா திட்டுவாங்க. ஆளில்லாத ரூமுக்கு என்னத்துக்குடி வெளிச்சம், பேய் படிக்கவானு கேப்பாங்க. ஆனா நான் நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது மட்டும் வாசல் லைட் எரியும்." சொல்லிவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

மில்ட்ரெட் அதை எழுதினாள். திட்டியதை முதலில், வாசல் விளக்கைக் கடைசியில். கடைசியாகக் காதில் விழுவதுதான் தங்கும் என்பதும் சனிக்கிழமைப் பாடம்தான். வீட்டில் பெயரைச் சொல்லாமல் வாசித்தபோது எட்மண்ட் பாதியிலேயே ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஜோசபின் அம்மா" என்றார்.

கோயிலில் தேவநேசன் அதைக் கட்டளை வாசிப்பதுபோல விறைப்பாகத்தான் வாசித்தார். இருந்தும் பேய் படிக்கும் இடத்தில் சபை சிரித்தது. வாசல் விளக்கில் அடங்கிப்போயிற்று. வெளியே வந்ததும் அவர் மில்ட்ரெடிடம் கடுகடுத்தார்.

"அடக்க ஆராதனையில ஜனங்க சிரிக்காவ. இது என்ன கோயிலா, சினிமாக் கொட்டாயா?"

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"அடுத்த தடவ பெரிய எழுத்துல எழுது. எனக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை என்று அவர் சொன்னதே அவளுக்குப் பெரிய பரிசாக இருந்தது.

அப்படியே வருஷங்கள் ஓடின. அவள் எழுதுவாள், எட்மண்ட் கண்டுபிடிப்பார், தேவநேசன் வாசிப்பார். கோயிலுக்கே வராத ஒரு மனிதர் காதில் முதலில் விழாமல் எந்தக் குறிப்பும் சபைக்கு வந்ததில்லை என்பது தேவநேசனுக்குத் தெரியாது. எட்மண்டுக்கு அதில் ஒரு குஷி. "உங்க அண்ணாச்சி இந்த இடத்துல மூச்சு வாங்குவார், வாக்கியத்தை ரெண்டா வெட்டு" என்பார். "அரே, அவர் வாசிக்கிறதையே நீங்க கேட்டதில்ல" என்பாள் அவள். "கேட்டதுக்குத்தானே எழுந்தேன்" என்பார்.

பத்ரிநாத்தின் வகுப்பு நெடுநாள் நடக்கவில்லை. அவர் டெல்லிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடைசிச் சனிக்கிழமைகளில் அவர் நடத்தியவற்றில் ஒன்று, எதிராளியை எப்படிப் பேசி இணங்கவைப்பது என்பது. அவன் பக்கத்து நியாயத்தை முதலில் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துபோகும் என்றார். இன்னொன்று, வார்த்தை யார் வாயிலிருந்து வருகிறது என்பது. "நீங்க ட்ராஃப்ட் பண்ற லெட்டர் மானேஜர் கையெழுத்துல போறது. அவர் வாயில வராத வார்த்தையைப் போட்டேள்னா அவரே அடிச்சுடுவார். அடிக்காம அனுப்பினாலும் படிக்கறவன் நம்பமாட்டான்." மில்ட்ரெட் இதைக் கேட்டுக்கொண்டாளே தவிர, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டெனோவுக்கு இது தெரியாதா என்று நினைத்தாள்.

எண்பத்தைந்தில், மழை விட்டிருந்த ஒரு மாலையில், எட்மண்ட் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நெஞ்சுவலி. காலையில் கொண்டுபோனார்கள், சாயங்காலம் இல்லை. மேவிஸ் கல்யாணமாகி பம்பாயில் இருந்தாள். அவள் வந்த பிறகு மறுநாள் மத்தியானம் அடக்கம் என்று போதகர் சொன்னார். கோயிலில் வைத்து ஆராதனை நடத்தவும் சம்மதித்தார். கமிட்டியில் இரண்டொருவர், கோயிலுக்கு வராத மனுஷனை எதற்குக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகட்டுமே என்று முணுமுணுத்தது அவர்கள் குடியிருந்த குவார்ட்டர் கேட் வரைக்கும் வந்து மில்ட்ரெட் காதிலும் விழுந்தது.

துக்க வீட்டை எழுதச் சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது என்பது மாறாத வழக்கம். ஆனால் எழுதுகிறவள் வீட்டிலேயே துக்கம் வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. காலையில் கூடத்தில் எட்மண்டைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் டீயும் பாவ் ரொட்டியுமாகக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மில்ட்ரெட் சமையலறைக்குள் போய், மாவுடப்பாவின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எட்மண்ட் அன்றைக்கு எழுந்தது சரி. மோசஸுக்காக எழுந்தார். யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பேனா ஓட்டமாக ஓடியது.

பம்பாயிலிருந்து வந்து இறங்கிய மேவிஸ், அப்பாவைப் பார்த்து அழுது ஓய்ந்து, அம்மாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. மில்ட்ரெட் மெல்லிய குரலில் வாசித்துக் காட்டினாள்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "மம்மி, இதை யாரு வாசிப்பாங்க?"

"தேவநேசன் அங்கிள்தான். எப்பவும் அவர்தானே."

"அவரா? இதையா?" மேவிஸுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "டாடியே எழுந்து உட்கார்ந்து ஒன்ஸ் மோர் கேப்பாரு."

மில்ட்ரெட் தாளைப் பார்த்தாள். வரிக்கு வரி தேவநேசனுக்குப் பதில்தான் இருந்தது. அது குறிப்பு இல்லை, வழக்கு. ஒரு மனிதரையே வரச்சொல்லி, அவருக்கு எதிரான குற்றப்பத்திரிகையை அவர் வாயாலேயே வாசிக்கவைப்பது. அவர் வாசிக்க மாட்டார். வாசித்தாலும் சபை நம்பாது. நாளைக்கு எல்லோரும் பேசப்போவது அந்தச் சண்டையைத்தான். எட்மண்ட், மண்ணுக்குள் போன பிறகும், கோயிலில் எழுந்து கத்தியவராக மட்டுமே மிஞ்சுவார். அவர் யார் என்று அந்தச் சபை கேட்பதற்கு இன்னொரு மத்தியானம் கிடைக்கப்போவதில்லை.

தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். வேறு தாள் எடுத்தாள். அன்றைக்குத்தான், பத்ரிநாத் அந்த இரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னது முழுசாக அவள் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். முதல் வரியை இப்படி எழுதினாள்: "எட்மண்ட் கோயிலுக்கு வராதவர். இது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்." அடுத்தது: "அவர் கடைசியாக வந்த அன்று, ஆராதனைக்கு நடுவே எழுந்து பேசினார். அது பலருக்கு வருத்தம் தந்தது." முணுமுணுத்தவர்கள் சொல்ல வைத்திருந்ததை அவளே சொல்லி முடித்துவிட்டாள். இனி அவர்கள் கேட்கலாம்.

அதற்குப் பிறகு எழுதுவது சிரமமாக இல்லை. தொங்குகிற ஒயரைக் கண்டால் அது யார் வீடானாலும் ஏணி கேட்டு ஏறிவிடுவார். பாவ் ரொட்டியைச் சீனியில் தொட்டுத்தான் சாப்பிடுவார், வெளியே யாராவது பார்த்தால் டீயில் தொடுவதுபோல நடிப்பார். எல்லோரும் ஆமாம் என்று சொல்லும் இடத்தில் அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் வரும். நண்பன் படுத்திருந்தபோது தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார், விளையாட்டுச் செய்தியில் தோற்ற அணியை ஜெயிக்கவைத்து வாசித்தார்.

முடிக்கும் இடம் வந்தது. தேவநேசன் வாயால் முடிய வேண்டும். அவருக்கு எட்மண்டைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் இருந்த இத்தனை வருஷங்களில் அவர் மனதில் எட்மண்ட் என்னவாக இருந்தார்? மில்ட்ரெடுக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் அது மறுபடியும் புள்ளி வைத்த தாள்தான். அடியில் கொஞ்சம் இடம் விட்டாள்.

ஏற்பாடுகளைக் கவனிக்க தேவநேசன் கமிட்டிக்காரர்களோடு வந்தார். கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். மில்ட்ரெட் வெளியே போனாள்.

"மில்ட்ரெட்." அவர் செருப்பைக் கழற்றாமலே பேசினார். "உன்னைய எழுதச் சொல்லக் கூடாது. நான் ஏதாவது... பழைய தாள் ஒண்ணு இருக்கு. அது வேண்டாம்னா, பாட்டோட முடிச்சிருவோம்."

"எழுதிட்டேன் அண்ணாச்சி." கொடுத்தாள். பெரிய எழுத்தில்தான் எழுதியிருந்தாள்.

அவர் நின்ற இடத்திலேயே வாசித்தார். முதல் வரியில் புருவம் ஏறியது. போகப் போக முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடியில் விட்டிருந்த இடத்துக்கு வந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்கன என்ன?"

"அது நீங்க சொல்ல வேண்டியது. அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியுமோ அது."

"நான் என்னத்தையாவது சொல்லிட்டேம்னா?"

"சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

தேவநேசன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மேவிஸ் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மம்மி, உனக்கு மூளை இருக்கா? மைக்கை எடுத்து அவர் கையிலயே கொடுத்துட்டியே. அவர் டாடியை எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டா?"

"கிழிச்சா கேட்டுக்க வேண்டியதுதான்" என்றாள் மில்ட்ரெட்.

கோயில் நிறைந்திருந்தது. வராதவரை வழியனுப்ப எல்லோரும் வந்திருந்தார்கள், ராணுவக் குடியிருப்பிலிருந்து தமிழ் தெரியாதவர்கள்கூட. தேவநேசன் முன்னால் வந்து கண்ணாடியை மாட்டினார். முதல் வரியை வாசித்ததும் சபையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. இரண்டாவது வரியை அவர் நிறுத்தி, நிதானமாக வாசித்தார். ஏணியில் ஏறியபோது சிலர் தலையாட்டினார்கள். சீனி தொட்ட ரொட்டியில் சிரிப்பு வந்தது. தோற்ற அணி ஜெயித்த இடத்தில் பெண்கள் பக்கத்தில் யாரோ விம்மினார்கள்.

பிறகு அவர் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மில்ட்ரெட் மேவிஸின் கையை இறுகப் பிடித்தாள்.

"இதுக்கு மேல தாள்ல இல்ல" என்றார் தேவநேசன். "நான் சொல்லணும்னு விட்டிருக்கு. எட்மண்டும் நானும் பேசிக்கிடுறது கிடையாது. உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா தினமும் காலையில வேலைக்குப் போறப்போ என் வீட்டு வழியாத்தான் சைக்கிள்ல போவார். என் வாசல் வந்ததும் மணி அடிப்பார். ரெண்டு அடி. திரும்பிப் பாக்க மாட்டார். மழையானாலும் அடிப்பார். ஆரம்பத்துல எனக்கு எரிச்சலா இருக்கும், வேணும்னே அடிக்கான்னு. அப்புறம் பழகிட்டு. இப்பம் ரெண்டு நாளா அடிக்கல." அவர் தாளை மடித்துக்கொண்டார். "அது என்னத்துக்கு அடிச்சார்னு எனக்கு இன்னும் தெரியாது. கேட்டிருக்கலாம். நான் கேக்கல."

இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாகக் குறிப்பு முடிந்ததும் ஆர்மோனியம் தொடங்கிவிடும். அன்றைக்கு ஆர்மோனியக்காரர் தொடங்க மறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சாயங்காலம், தேவநேசனும் அவருடைய மனைவியும் தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் யாராவது கொண்டுவருவது முறை. அன்று அவர்கள் முறை இல்லை. முறையாகக் கொண்டுவர வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டுத் தாங்களே வந்திருந்தார்கள். இந்த முறை அவர் கூடத்துக்குள் வந்து, எட்மண்ட் கிடந்த இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் என்னத்துக்கு மணி அடிச்சார்னு உனக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அடிச்சார்ங்கிறதே இன்னைக்கு நீங்க சொல்லித்தான் தெரியும்."

தேவநேசன் மனைவியைக் காட்டினார். "இவ சொல்லுவா, அது கும்பிடுறதுன்னு. நான் சொல்லுவேன், நக்கல்னு."

"ரெண்டும்தான் இருக்கும்" என்றாள் மில்ட்ரெட். "அவரை உங்களுக்குத் தெரியாதா?"

தேவநேசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய மனைவி தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி மில்ட்ரெட் கையில் கொடுத்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷங்களில் எட்மண்டைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றை, அவரோடு பேசாதிருந்த ஒரு மனிதர் இன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அவள் எழுதி எழுதி நிரப்பியிருந்தால் அது வந்திருக்காது. மேவிஸ் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "சாப்பிடு மம்மி" என்றாள். முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் இறங்காத மில்ட்ரெட், ரசத்தைச் சோற்றோடு பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தாள்.